ஜுதாமும் மனிதக் கையும்: ஒரு சொற்பொருளை மருத்துவ ஆய்வு திருத்திய வரலாறு

அரபு அகராதிகளில் 'ஜ-த-ம' என்னும் வேர்ச்சொல்லுக்கு வெட்டுதல், துண்டித்தல் என்பதே முதற்பொருள். தொழுநோயைக் குறிக்கும் 'ஜுதாம்' என்னும் சொல் இவ்வேரிலிருந்து பிறந்ததே. இதே வேரிலிருந்து வரும் 'அஜ்தம்' என்னும் சொல், தொழுநோயாளியையும் கை துண்டிக்கப்பட்டவனையும் ஒருசேரக் குறிக்கும். விரல்கள் குறைந்து, கை மொட்டையாகிப் போன மனிதனைக் கண்ட மக்கள், அந்நோயே விரல்களைத் துண்டித்து உதிர்க்கிறது என்று கருதினர்; கருதியதையே பெயராகவும் சூட்டினர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு விரிவுரை நூல்கள் ஜுதாமுக்குத் தரும் இலக்கணமும் இதுவே. உறுப்பு முதலில் சிவந்து, பின்னர் கறுத்து, முடிவில் அறுந்து உதிரும் நோய் என்று அவை விளக்குகின்றன. அரபுக் கல்லூரி வகுப்புகளில் நாம் இவ்விலக்கணத்தை இன்றும் படித்துக்கொடுத்து வருகிறோம்.

இது அரபுலகத்தின் கருத்து மட்டுமன்று. கிரேக்க மருத்துவமும், இடைக்கால ஐரோப்பாவும், நம் நாட்டு மக்களும் அவ்வாறே எண்ணினர். நோயாளியின் சதை கெட்ட சதை, அதில் புண் வந்தால் ஆறாது என்னும் எண்ணம் மேலை மருத்துவர்களிடையே கூட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலவியது. அவ்வெண்ணம் எவ்வாறு உடைந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஆய்வின் பெரும்பகுதி நடந்த இடம் தமிழ்நாட்டின் வேலூரும் செங்கற்பட்டும் ஆகும்.

நோயைப் பற்றிப் பேசுமுன் கையைப் பற்றிச் சிறிது பேச வேண்டும்.

கிரேக்க மருத்துவர் காலன், உறுப்புகளின் பயன்களைப் பற்றி எழுதிய பெருநூலைக் கையிலிருந்துதான் தொடங்கினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் குழுவினர் அந்நூலை அரபுக்குக் கொண்டுவந்தனர். திருக்குர்ஆன் அல்கியாமா அத்தியாயத்தின் நான்காம் வசனம் மனிதனின் விரல் நுனிகளைக் குறிப்பிடுகிறது. இக்காலச் சொற்பொழிவாளர்கள் இதைக் கேட்டவுடன் கைரேகைக்குத் தாவிவிடுகின்றனர். ஆனால் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் தபரீ பதிவு செய்துள்ள விளக்கம் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. இறைவன் நாடியிருந்தால் மனிதனின் விரல்களை ஒட்டகத்தின் குளம்பைப் போல ஒன்றாக ஒட்டிவைத்திருக்க முடியும், அப்போது மனிதன் எதையும் எடுக்கவோ பிடிக்கவோ இயலாதவனாகியிருப்பான் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. கையின் சிறப்பு விரல்கள் தனித்தனியே இயங்குவதில் இருக்கிறது என்பதை ஆரம்பகால விரிவுரையாளர்கள் கண்டிருந்தனர்.

மனிதக் கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. நான்கு விரல்களுக்கு மும்மூன்று கணுக்கள், கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. இக்கணக்கை நம் ஃபிக்ஹு நூல்களிலேயே காணலாம். காயம் விளைவித்தவன் தரவேண்டிய ஈட்டுத்தொகையாகிய 'தியத்' பற்றிய பாடத்தில், ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகம். ஒரு கணுவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. கட்டைவிரலின் கணுவுக்கு மட்டும் பாதி என்று வகுத்திருப்பர். ஐந்து விரலும் சேர்ந்த கைக்கு ஐம்பது ஒட்டகம், அதாவது முழுத் தியத்தில் பாதி.

இங்கு ஒரு செய்தி சுவையானது. உமர் (ரலி) அவர்கள் முதலில் விரல்களின் பயனைக் கணக்கிட்டு, கட்டைவிரலுக்கு 15, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பத்துப்பத்து, மோதிரவிரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6 என்று தீர்ப்பளித்ததாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் 'ரிஸாலா'வில் குறிப்பிடுகிறார்கள். எல்லா விரல்களும் சமம் என்னும் நபிமொழி கிடைத்ததும் மக்கள் அத்தீர்ப்பைக் கைவிட்டனர் என்பதற்குச் சான்றாகவே இமாமவர்கள் அதைக் கூறுகிறார்கள். இன்று அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் ஊன மதிப்பீட்டு வழிகாட்டி, கையின் பயனை நூறு பங்காகக் கொண்டு கட்டைவிரலுக்கு 40, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இருபதிருபது, மற்ற இரண்டுக்கும் பத்துப்பத்து என வகுக்கிறது. ஐம்பதில் பத்து என்பதும் நூறில் இருபது என்பதும் ஒன்றே. இந்த ஒற்றுமையை வைத்து மேடையில் முழங்குவோரும் இருக்கக்கூடும். நாம் அதற்கு உடன்படவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்துச் சச்சரவைத் தீர்க்கிறது. மருத்துவம் தொழில் செய்யும் கையின் ஆற்றலை அளக்கிறது. இரண்டின் வேலையும் வேறு.

தியத் பாடத்தில் இன்னொரு சட்டம் உண்டு. ஒருவன் மற்றொருவனின் கையைத் தாக்கி, அது அறுபடாமலேயே செயலற்றுப் போனால், அறுத்தவனுக்குரிய முழு ஈட்டையே அவனும் தரவேண்டும். ஏற்கெனவே செயலிழந்த கையை ஒருவன் வெட்டினாலோ அவ்வளவு தரவேண்டியதில்லை. நடுவர் மதிப்பிடும் தொகை போதும். சட்ட அறிஞர்கள் கையின் சதையையும் எலும்பையும் அன்றி, அதன் 'மன்ஃபஅத்' எனப்படும் பயனையே கையாகக் கருதினர் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பின்வரும் மருத்துவ வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் நமக்குத் தெரியவில்லை.

விரல்களுக்குள் தசை இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விரலை மடக்கும் வலிமையான தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ளன. அவற்றிலிருந்து கயிறுகளைப் போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. கிணற்றுக் கயிறு கப்பியில் ஓடுவதைப் போல, விரலெலும்போடு ஒட்டிய வளையங்களுக்குள் அவை ஓடுகின்றன. இவற்றோடு உள்ளங்கையில் சிறுதசைகளும் இருக்கின்றன. இவை வலிமை குறைந்தவை. ஆயினும் பெருந்தசைகளின் இழுப்பை நெறிப்படுத்துபவை இவையே. விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே நுனிமூட்டுகளை நீட்டும் செயல், அதாவது எழுதுகோலைப் பிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது, சோற்றைக் கவளமாகத் திரட்டுவது ஆகியவை, இச்சிறுதசைகளின் கைங்கரியமே.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆன்சன் என்னும் மருத்துவர் 1873ஆம் ஆண்டு கண்டறிந்தார். அக்கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. உடலின் உள்வெப்பமாகிய 37 பாகையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அது நன்கு பெருகும். ஆகவே தோல், மூக்கு, தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் ஆகியவை அதன் இருப்பிடங்கள். கைக்குச் செல்லும் முழங்கை நரம்பு முழங்கையின் பின்புறத்தில் எலும்பின்மேல் தோலை ஒட்டி ஓடுகிறது. நாம் தற்செயலாக முழங்கையை இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்பது அந்நரம்பே. நடுநரம்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலை நெருங்குகிறது. தொழுநோயில் நரம்புகள் வீங்குவதும் நைவதும் பெரும்பாலும் இவ்விரு இடங்களிலேயே.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். நடுநரம்பு மணிக்கட்டருகில் கெடுகிறது. ஆனால் முன்கையின் பெருந்தசைகளுக்குச் செல்லும் அதன் கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. எனவே அத்தசைகள் முழு வலிமையோடு இருக்கும். உள்ளங்கைச் சிறுதசைகள் மட்டும் செயலிழக்கும். நெறிப்படுத்துவார் இல்லாமல் பெருந்தசைகள் இழுக்கவே, விரல்கள் அடிமூட்டில் பின்னோக்கி வளைந்தும் நுனிமூட்டுகளில் மடங்கியும் பறவையின் நகத்தைப் போலாகிவிடும். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ளும் ஆற்றலை இழக்கும். உணர்ச்சியும் உடன் போய்விடும்.

இந்த உண்மையை அறுவை மருத்துவத்துக்குப் பயன்படும்படி கண்டவர் பால் பிராண்டு. அவர் 1914இல் கொல்லிமலையில் கிறிஸ்தவ ஊழியர்களான ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, முதலில் தச்சும் கட்டட வேலையும் கற்று, பின்னரே மருத்துவம் பயின்றார். இத்தச்சுப் பயிற்சி வீண்போகவில்லை என்பது அவர் கையைப் பார்த்த விதத்திலேயே தெரிகிறது. தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின் பேரில் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதியைக் காணச் சென்றார். அதுவே பின்னாளில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையமாயிற்று.

அங்கே மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, இயன்றமட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்டு. தளர்ந்த பிடியையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் கை நெரிபடும் அளவுக்கு வலித்தது. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் அந்நோயாளிக்குத் தெரியவில்லை. இந்தக் கைகுலுக்கலில் இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று, பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட கைக்குள் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன. மற்றொன்று, உணர்ச்சியற்ற கை தன் வலிமையைத் தானே அளக்க அறியாது. முதல் உண்மை உடனே விளங்கிற்று. இரண்டாவது விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

கையறுவை அப்போதுதான் தனித்துறையாக உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்டெர்லிங் பன்னெல் என்னும் அமெரிக்க மருத்துவர் 1944இல் வெளியிட்ட நூலே அதற்கு ஆதாரம். போரில் நரம்பு அறுந்த வீரர்களுக்கு, நலமான தசைநாணை எடுத்துச் செயலிழந்த தசையின் வேலைக்கு அமர்த்தும் முறையை அந்நூல் விளக்கிற்று. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உள்ளன. ஒன்று மேலாக ஓடி நடுக்கணுவில் முடிவது, மற்றொன்று ஆழமாக ஓடி நுனிவரை செல்வது. மேல்நாண் இல்லாவிட்டாலும் ஆழ்நாண் விரலை மடக்கிவிடும். ஆகவே மேல்நாணைப் பிரித்தெடுத்து, சிறுதசை ஓடும் வழியாகவே செலுத்தி, விரலின் பக்கவாட்டில் தைத்துவிட்டால், அது சிறுதசையின் பணியைச் செய்யும். பிராண்டு இதையே முதலில் கையாண்டார். சில கைகளில் இவ்வலிய நாண் அளவுக்கு மீறி இழுத்து விரலை எதிர்ப்புறம் வளைத்துவிடுவதைக் கண்டார். பின்னர் மணிக்கட்டை உயர்த்தும் தசைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் நீளம் போதாமையால் கெண்டைக்காலிலிருந்து ஒரு மெல்லிய நாணை எடுத்து ஒட்டி, அதை நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் இணைத்தார். காலில் அந்நாண் இல்லாததால் நடைக்கு ஊறு எதுவும் இல்லை. கட்டைவிரலுக்கு மோதிரவிரலின் மேல்நாணை மாற்றினர்.

அறுவை முடிந்து மாக்கட்டைப் பிரித்தபின் நோயாளி புதிய பாடம் ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது. நேற்றுவரை மணிக்கட்டை உயர்த்திய தசை இன்று விரலை இயக்குகிறது. மூளை அதை அறியாது. மணிக்கட்டை உயர்த்த எண்ணினால் விரல் அசையும். அவ்வாறு எண்ணி எண்ணிப் பழகி, நாளடைவில் விரலை நினைத்தாலே விரல் அசையும். இப்பழக்கத்தைக் கற்றுத்தந்த உடற்பயிற்சி வல்லுநர்களின் பங்கு கத்தி பிடித்தவரின் பங்குக்குக் குறைந்ததன்று என்பது நம் கருத்து. 1952இல் லண்டன் அறுவை மருத்துவர் கழகத்தில் ஹன்ட்டர் பேருரையில் பிராண்டு இம்முறைகளை விளக்கினார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீஃபெலின் ஆய்வு மருத்துவமனை தோன்றியது. அங்கே எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி போன்றோர் இப்பணியை வளர்த்தனர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். கால் இழந்தவர் கை தந்தார் என்று எழுதினால் அணியாகத் தோன்றும், நடந்தது அதுவே.

கை சீரான நோயாளிகள் ஊர் திரும்பினர். சிலர் மனம் வாடி மீண்டு வந்தனர். முன்பு முடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. நோயின் தழும்பு முகத்தில் இருப்பதால் வேலை தருவாரும் இல்லை. திருத்திய கை பிச்சைக்கு உதவாத கையாயிற்று. இந்நிலையைக் கண்டபின் 1951இல் கல்லூரி வளாகத்திலேயே 'புதுவாழ்வு நிலையம்' என்னும் சிற்றூர் அமைக்கப்பட்டது. அங்கு இளைஞர்களுக்குத் தச்சும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்களில் பிராண்டும் ஒருவர். செங்கற்பட்டுக் கைகுலுக்கலின் இரண்டாம் உண்மை இங்குதான் வெளிப்பட்டது.

இளைஞர்களின் விரல்களில் அடிக்கடி புண்கள் தோன்றின. அவை நோயால் தாமாக வருவன என்றே இளைஞர்களும் எண்ணியிருந்தனர். பிராண்டு அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சுத்தியலின் கைப்பிடியை மிதமிஞ்சி இறுக்கியதால் ஒரு கொப்புளம். சூடான பாத்திரத்தைத் துணியின்றி எடுத்ததால் ஒரு தீப்புண். எரியும் விளக்கின் கண்ணாடியைத் தொட்டதால் மற்றொன்று. ஒருமுறை தாம் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் எளிதாகத் திறந்ததையும், சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்ததை அவன் அறியாமலே நின்றதையும் பிராண்டு பின்னர் எழுதியிருக்கிறார். இரவில் படுக்கும்போது இருந்த விரற்பகுதி விடியலில் காணாமற்போன புதிரும் இருந்தது. விழித்திருந்து பார்த்தபோது எலி வந்து கடித்துச் செல்வது தெரிந்தது. உறங்குபவனுக்கு உணர்ச்சி இல்லை. அன்று முதல் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது.

விரல்கள் உதிரவில்லை. காயம்பட்டன, சீழ்பிடித்தன, சீழ் எலும்பை அரித்தது, எலும்பு சிறுகச் சிறுகக் கரைந்து விரல் குறுகிற்று. புண்ணுக்கு ஓய்வு கொடுத்தபோது எல்லோருடைய சதையையும் போலவே அவர்களுடைய சதையும் ஆறிற்று. கெட்ட சதை என்று ஒன்று இல்லை. நோய் அழித்தது வலியை. வலியற்ற கையை அன்றாட வாழ்க்கை அழித்தது. ஜுதாம் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் இவ்விடத்தில்தான் தகர்ந்தது.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்ய முயன்றார். அழுத்தத்தை அறியும் உணரிகள் பொருத்திய கையுறை அது. அளவு மீறினால் முதலில் ஒலி எழுப்பும்படி அமைத்தனர், அணிந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. பின்னர் உணர்ச்சியுள்ள வேறிடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினர். அணிந்தவர் வேலை முடியவேண்டும் என்பதற்காகக் கருவியை நிறுத்திவிட்டுக் காரியத்தைச் செய்தார். நிறுத்த முடியாதது என்பதே வலியின் பயன் என்று கண்டு, அம்முயற்சி கைவிடப்பட்டது. இயற்கை வலி தரும் காவலைச் செயற்கையாகச் செய்ய இயலவில்லை என்னும் இத்தோல்வியை, அவர் வெற்றிகளைவிட நாம் மதிக்கிறோம். அவர் 2003இல் மறைந்தார்.

நம் வரலாற்றிலும் சொல்லத் தக்கது உண்டு. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமய்யாக் கலீஃபா முதலாம் வலீது, தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் மக்களிடம் கையேந்தலாகாது என்று ஏற்பாடு செய்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். தொழுநோயாளியிடமிருந்து விலகச் சொல்லும் நபிமொழியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு தொழுநோயாளியின் கையைப் பிடித்துத் தம் உணவுத் தட்டிலேயே வைத்து உடன் உண்டதாக வரும் அறிவிப்பும் உண்டு. பின்னதை இமாம் திர்மிதீ 'கரீப்' என்று குறித்திருப்பதையும், இரண்டையும் இணைத்துப் பொருள் காண அறிஞர்கள் பல வழிகளைக் கூறியிருப்பதையும் ஹதீஸ் மாணவர் அறிவர். வலீதின் பெயரை மேடையில் சொல்லிப் பெருமிதம் கொள்வது எளிது. கொல்லிமலையில் பிறந்த ஒரு கிறிஸ்தவர் அக்கையைப் பிடித்துப் பார்த்து அறிந்ததை நம் பாடநூலின் ஓரத்தில் எழுதிவைப்பது அவ்வளவு எளிதாக நமக்கு வரவில்லை.

எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. திருமணப் பாடத்தில், மணவிலக்கு வேண்டி 'ஃபஸ்க்' கோருவதற்குரிய குறைகளாகப் பைத்தியம், ஜுதாம், வெண்குஷ்டம் ஆகிய மூன்றையும் 'மின்ஹாஜ்' வரிசைப்படுத்துகிறது. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவும் இமாம் அபூயூசுஃபும் (ரஹ்) இவ்வுரிமையை ஏற்கவில்லை. இமாம் முஹம்மது (ரஹ்) மனைவிக்கு மட்டும் ஏற்கிறார்கள். அருவருப்பும், நோய் தனக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்னும் அச்சமும் இச்சட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய சட்டமன்றம் இயற்றிய 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019இல் நிறைவேறிய தனிநபர் சட்டத் திருத்தம் அதை அச்சட்டத்திலிருந்தும், பிற சமயத்தார்க்குரிய சட்டங்களிலிருந்தும் நீக்கிவிட்டது.

இத்திருத்தம் வந்தபின்னும், ஜுதாம் என்றால் உறுப்பு உதிரும் நோய் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஃபிக்ஹுச் சட்டத்தை மாற்றும் தகுதி நமக்கில்லை. அது முஃப்திகளின் பணி. ஆனால் சட்டத்தின் காரணமாகச் சொல்லப்படும் உண்மைநிலை என்ன என்பதைச் சொல்வது ஆசிரியரின் கடமை. உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோயைக் குணமாக்குகிறது. மருந்தைத் தொடங்கியபின் நோயாளி பிறருக்குத் தொற்றுத் தருவதில்லை. கைகுலுக்குவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் இந்நோய் பரவுவதில்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. குணமானவரின் குறுகிய விரல் பழைய காயத்தின் தழும்பேயன்றி நோயன்று. இவற்றைக் கேட்ட மாணவன், பிற்காலத்தில் ஜமாஅத்தில் அமர்ந்து ஒரு குடும்பத்தின் வழக்கைக் கேட்கும்போது வேறு கண்ணோடு கேட்பான்.

நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோரும் உளர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா, பொதுநலச் சிக்கல் என்னும் நிலையைத் தொழுநோய் கடந்துவிட்டதாக அறிவித்தது உண்மை. ஆயினும் 2023இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1,82,000க்கு மேற்பட்டோர். அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். கண்டறியப்பட்டபோதே வெளிப்படையான ஊனம் அடைந்திருந்தோர் உலகெங்கும் ஒன்பதாயிரத்துக்கு மேல். இவர்கள் காலந்தாழ்த்தி வந்தவர்கள்.

நம் ஊர்களில் தோலில் ஒரு வெளிறிய படை தோன்றினால், மருத்துவரிடம் செல்லுமுன் பள்ளிவாசல் இமாமிடம் காட்டி, இது வெண்குஷ்டமா, ஓதிப் பார்க்கலாமா என்று கேட்போர் உண்டு. இமாமுக்கு ஒரு சிறு வேறுபாடு தெரிந்திருந்தால் போதும். வெண்குஷ்டம் பால்போல் வெளுத்திருக்கும். அதில் உணர்ச்சி குறையாது. தொழுநோய்ப் படை மங்கலாகவோ சிவந்தோ இருக்கும். பஞ்சால் வருடினால் அவ்விடத்தில் தெரியாது. சுண்டுவிரல் மரத்துப்போவதும், அதை மற்ற விரல்களோடு சேர்க்க முடியாமல் அது விலகி நிற்பதும் முழங்கை நரம்பு நலிவதன் தொடக்கக் குறிகள். நரம்பு நலிந்து ஆறு மாதம் கடவாதிருப்பின், ஸ்டீராய்டு மருந்தால் உணர்ச்சியும் வலிமையும் பலருக்குத் திரும்பக் கிடைக்கின்றன. ஓதிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்கலாம். மருந்து அங்கே இலவசம்.